முகப்பில் ஏறும் திரை



சென்னையின் பாரம்பரியக் கட்டடங்களுக்கென்று நீதிமன்றமே ஏற்றுக்கொண்ட ஒரு பட்டியல் இருக்கிறது. 400க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அதில் உண்டு. இப்படியொரு பட்டியலை யார் போட்டிருப்பார்கள் என்று கேட்டால், தொல்லியல் துறை, பல்கலைக்கழகம், வரலாற்று ஆர்வலர்கள் என்றுதான் பலரும் சொல்வார்கள். உண்மையில் அது ஹோர்டிங் வழக்கில் பிறந்த பட்டியல்.

1998இல் சென்னை மாநகராட்சிச் சட்டத்தைத் திருத்தி, விளம்பரப் பலகை வைப்பதற்கு உரிமம் வாங்கியாக வேண்டும் என்று ஆக்கினார்கள். 2003இல் விரிவான விதிகள் வந்தன. கல்விக்கூடம், வழிபாட்டுத் தலம், மருத்துவமனை, தெருமுனை என்று பலகை கூடாத இடங்களைச் சொல்லிக்கொண்டே வந்தவர்கள், வரலாற்றுச் சிறப்போ அழகியல் சிறப்போ உள்ள இடங்களுக்கு முன்னாலும் கூடாது என்று ஒரு வரியைச் சேர்த்திருந்தார்கள். விளம்பர நிறுவனங்கள் நீதிமன்றத்துக்குப் போயின. பள்ளிக்கூடம் எது, ஆஸ்பத்திரி எது என்று யாரும் காட்டிவிடலாம். சிறப்புள்ள இடம் எது என்று யார் காட்டுவது? அதற்காகத்தான் ஓய்வுபெற்ற நீதிபதி இ. பத்மநாபன் தலைமையிலான குழு கட்டடங்களை ஒவ்வொன்றாகக் குறித்துக் கொடுத்தது. 2008இல் உச்ச நீதிமன்றம் அந்த விதிகள் செல்லும் என்று சொல்லிவிட, அண்ணா சாலையில் பலகைகள் இறங்கத் தொடங்கின. அந்த மாதங்களில் அவ்வழியே பஸ்ஸில் போனவர்களுக்கு நினைவிருக்கும்; ஆண்டுக்கணக்கில் பார்க்காமலே கடந்துபோன மாடங்களும் தூண்களும் திடீரென்று கண்ணில் படத் தொடங்கின.

பட்டியல் அதோடு நிற்கவில்லை. அண்ணா சாலையில் சிவப்புச் செங்கல்லும் கோபுர மாடங்களுமாக நிற்கும் பாரத் இன்ஷூரன்ஸ் கட்டடம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1897இல் டபிள்யூ. ஈ. ஸ்மித் என்ற மருந்துக் கம்பெனிக்காகக் கட்டப்பட்டது. 2006இல் எல்ஐசி அதை இடிக்க முனைந்தபோது பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பான இன்டாக் வழக்குத் தொடுத்தது. 2010இல் நீதிபதிகள் பிரபா ஸ்ரீதேவனும் பி. பி. எஸ். ஜனார்த்தன ராஜாவும் இடிக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தார்கள். பத்மநாபன் குழு குறித்த கட்டடங்களைப் பாரம்பரியக் கட்டடங்களாகவே நடத்த வேண்டும், அவற்றைக் கவனிக்க ஒரு குழு வேண்டும் என்றும் சொன்னார்கள். எங்கே விளம்பரம் வைக்கக் கூடாது என்று கேட்கப்போய், எதை இடிக்கக் கூடாது என்ற பதிலும் சேர்ந்து கிடைத்தது.

இந்த இதழில் இதை எழுதக் காரணம், உங்கள் கடிதங்கள். சில மாதங்களாக ஊர்ப் பெயர் மாறினாலும் சங்கதி ஒன்றாகவே இருக்கிறது: கடைவீதியில் ஒரு பழைய கட்டடம், அதன் நெற்றியில் ஒரு எல்இடி திரை. நம் ஊரில் ‘டிஜிட்டல்’ என்றால் ஃப்ளெக்ஸ் பேனர் என்று ஆகிவிட்டது. 2011இல் அரசு கொண்டுவந்த விதிகளிலேயே ‘டிஜிட்டல் பேனர்’ என்பதற்கு அதுதான் பொருள். நான் பேசுவது அச்சடித்த துணியைப் பற்றி அல்ல. தானாக ஒளிவிடும், சில நொடிக்கு ஒருமுறை படம் மாறும் திரையைப் பற்றி.

கடைவீதியில் விளம்பரமே கூடாது என்று சொல்லும் சந்நியாச மனம் எனக்கு இல்லை. அண்ணா சாலைத் தியேட்டர்களுக்கு முன்னால் கையால் வரைந்த சினிமா பேனர்களை அண்ணாந்து பார்த்து வளர்ந்த தலைமுறை நான். பி. ஆர் அண்ட் சன்ஸ் கட்டடம் 1879இல் எழுந்தது. அதன் கோபுரத்தில் இருக்கும் கடிகாரம் யாருடையது? கடிகாரக் கடைக்காரருடையது! அது முழுக்க முழுக்க விளம்பரம்தான். ஆனால் தெருவில் போகிற எல்லோருக்கும் மணி காட்டியது. ஹிக்கின்பாதம்ஸ் புத்தகக் கடையின் பெயரும் அப்படித்தான், கட்டடத்தோடு பிறந்த பெயர். கடை தன் பெயரைத் தன் நெற்றியில் எழுதிக்கொள்வது ஒன்று. நெற்றியை வாடகைக்கு விட்டு, உள்ளே விற்காத சோப்பையும் மனையையும் செல்போனையும் ஓடவிடுவது வேறொன்று. விதி எழுதுகிறவர்கள் முதலில் பிரிக்க வேண்டியது இந்த இரண்டையும்தான் என்று நினைக்கிறேன்.

அதற்கு முன்னால், திரை ஏறும் சுவரைப் பற்றிக் கொஞ்சம். நம் பழைய கடைவீதிக் கட்டடங்களில் பெரும்பாலானவை செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் சேர்ந்தவை. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும். அதில் துளை போட்டு, இரும்பு போல்ட்டை இறக்கி, சுற்றிலும் சிமென்ட்டைப் பூசி அடைத்தால், ஈரம் வெளியேற வழி இல்லாமல் உள்ளேயே தங்கும். இரும்பு துருப்பிடிக்கும். துருவுக்கு இரும்பைவிட இடம் அதிகம் வேண்டும். அது உப்பி, சுற்றியுள்ள செங்கல்லைப் பிளக்கும். மொட்டைமாடியில் சட்டம் அடித்துத் திரையை நிறுத்தலாமே என்றால், கீழே இருப்பது ‘மெட்ராஸ் டெரஸ்’. மர உத்திரங்களின் மேல் சின்னச் சின்னச் செங்கற்களைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பால் இறுக்கிய தளம் அது. வடகம் காயவைக்கவும் கோடையில் பாய் விரித்துப் படுக்கவும் போதுமான பலம் அதற்கு உண்டு. இரும்புச் சட்டத்தையும், பல பத்துக் கிலோ எடையுள்ள திரைப் பெட்டிகளின் வரிசையையும், அவற்றின் மேல் மோதும் மார்கழிப் புயலையும் தாங்குவதற்காக அது கட்டப்படவில்லை. திரையின் முதுகிலிருந்து வரும் வெப்பமும், ஜன்னல் வழியே இழுத்த கேபிளும் தனிக் கதை.

ஜன்னல் என்றதும் இன்னொன்று. திரை வந்த முகப்புக்குப் பின்னால் இருக்கும் அறைகளுக்குக் காற்றும் வெளிச்சமும் போய்விடும். மாடியில் குடியிருந்தவர்கள் போய்விடுவார்கள், அறை குடோன் ஆகும். அதன் பிறகு அந்தச் சுவருக்குப் பின்னால் ஒழுகினால் யார் கவனிப்பார்கள்? பழைய கட்டடங்கள் பல இப்படி யாரும் மேலே ஏறிப் பார்க்காததாலேயே விழுகின்றன.

இந்தச் சிக்கலில் நெடுநாள் அனுபவம் உள்ள நாடு இங்கிலாந்து. மின்சாரம் தெருவுக்கு முழுமையாக வந்துசேராத 1891இலேயே, லண்டனில் கூரைமேல் சட்டம் நிறுத்தி எழுத்துக்களைத் தூக்கிக் காட்டும் விளம்பரங்களைக் கட்டுப்படுத்தச் சட்டம் போட்டார்கள். 1893இல் பொதுவெளி விளம்பரங்களின் அத்துமீறலைத் தடுப்பதற்கென்றே ஒரு சங்கம் தொடங்கினார்கள். 1907இல் தனிச் சட்டம். 1947இல் விளம்பரக் கட்டுப்பாடு நகரமைப்புச் சட்டத்துக்குள் வந்தது. வேலை முடிந்தது என்று அந்தச் சங்கமே சில ஆண்டுகளில் கடையை மூடிவிட்டது. தன் வேலை முடிந்ததும் கலைந்த சங்கத்தை நம் பக்கத்தில் நான் பார்த்ததில்லை.

இன்று அங்கே நடப்பில் இருப்பது 2007ஆம் ஆண்டு விதிகள். அவற்றில் எனக்குப் பிடித்தது அவற்றின் அடக்கம். விளம்பர விண்ணப்பத்தைப் பார்க்கும் அதிகாரி இரண்டே விஷயங்களைத்தான் எடைபோடலாம்: அந்த இடத்தின் பொலிவு, பொதுமக்களின் பாதுகாப்பு. அங்கே கட்டடத்துக்கு வரலாற்று, கட்டடக்கலைச் சிறப்பு இருந்தால் அது பொலிவுக் கணக்கில் வரும். ஓட்டுநரின் கண்ணை இழுக்குமா, சிக்னல் விளக்கை மறைக்குமா என்பது பாதுகாப்புக் கணக்கு. இந்த இரண்டுக்கும் தேவைப்பட்டாலொழிய, விளம்பரத்தில் என்ன காட்டுகிறார்கள் என்பதில் அவர் தலையிட முடியாது. சாராயமா, சாக்லேட்டா, எந்தக் கட்சி என்பதெல்லாம் அவருடைய மேசைக்கு வராத கேள்விகள். நம்முடைய சண்டைகள் பெரும்பாலும் படத்தில் இருப்பவர் யார் என்பதைச் சுற்றியே நடப்பதை நினைத்துப் பார்த்தால், இந்த அடக்கத்தின் அருமை தெரியும். 2017இல் உயிரோடு இருப்பவர்களின் படங்களைப் பேனரில் போடக் கூடாது என்று நம் உயர் நீதிமன்றமே உத்தரவிடும் அளவுக்கு அது போயிற்று.

பழைய வீதிகளுக்கு அங்கே கூடுதல் காவல் உண்டு. 1967இல் வந்த சட்டத்தின்படி, தனிக் கட்டடத்தை மட்டும் பார்க்காமல் ஒரு பகுதி முழுவதையுமே பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கலாம். இங்கிலாந்தில் இப்போது அப்படி ஏறக்குறைய 10,000 பகுதிகள். வெளிச்சம் போட்ட கடைப்பலகைக்கு மற்ற இடங்களில் கிடைக்கும் சலுகைகள் பலவும் இந்தப் பகுதிகளுக்குள் கிடையாது. விண்ணப்பம் போட்டு அனுமதி வாங்க வேண்டும். அந்த நாட்டின் பாரம்பரியப் பட்டியலில் உள்ள கட்டடமாக இருந்தால், அதன் சுவரைத் தொடுவதற்குத் தனி அனுமதி. கிடைத்த அனுமதியும் பொதுவாக 5 ஆண்டுகளுக்குத்தான். காலம் முடிந்தால் மறுபடியும் பார்க்கலாம் என்ற அந்த ஒரு ஏற்பாடு எவ்வளவு பெரிய விஷயம்! தொழில்நுட்பம் மாறுகிறது, தெருவும் மாறுகிறது. இன்று தவறாகக் கொடுத்த அனுமதியைப் பேரப்பிள்ளைகள் காலம்வரை சுமக்க வேண்டியதில்லை.

திரை என்று வரும்போது அங்கே விதிக்கும் நிபந்தனைகள் இன்னும் நுணுக்கமானவை. பகல் வெயிலில் தெரிவதற்காகச் செய்யப்படும் எல்இடி திரைகள் சதுர மீட்டருக்கு 5,000 கேண்டெலா அளவுக்குக்கூட ஒளிவிடும். அதையே இரவிலும் ஓடவிட்டால் எதிர்வீட்டுக்காரர் திரைச்சீலையைத் தைத்துத்தான் மூட வேண்டும். இரவில் 300 கேண்டெலாவைத் தாண்டக் கூடாது என்று நிபந்தனை போடுவது அங்கே வழக்கம். பகலின் அளவை மாற்றாமல் விட்டால் அது 16 மடங்குக்கும் மேல் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். படம் குறைந்தது 10 நொடி அசையாமல் நிற்க வேண்டும், ஒரு படத்திலிருந்து அடுத்ததற்கு மினுக்காமல் மாற வேண்டும், வீடியோ கூடாது, பழுதானால் திரை கறுப்பாகிவிட வேண்டும், இந்த மணிக்கு மேல் அணைக்க வேண்டும் என்றெல்லாம் சேர்ப்பார்கள். பலகைக் காலத்தில் அடி, அங்குலம் போதுமானதாக இருந்தது. திரைக்கு நொடியும் கேண்டெலாவும் கடிகாரமும் வேண்டும்.

ஆனால் லண்டன் நடுவில் பிக்காடில்லி சர்க்கஸ் இருக்கிறதே என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. இருக்கிறது. 1908இல் பெர்ரியே தண்ணீருக்காக அங்கே முதல் ஒளி விளம்பரம் எரிந்தது. இரண்டாம் உலகப் போரில் அணைந்த விளக்குகள் 1949இல்தான் திரும்ப வந்தன. 1965இல் சர்ச்சில் இறுதி ஊர்வலத்துக்காக அணைத்தார்கள். 2017இல் பழைய திரைகளை எல்லாம் கழற்றிவிட்டு ஏறக்குறைய 780 சதுர மீட்டரில் ஒரே வளைந்த திரையாக மாற்றினார்கள். ஆனால் சதுக்கத்தில் நின்று சுற்றிப் பாருங்கள். ஒரு காலத்தில் பல கட்டடங்களில் பரவியிருந்த விளக்குகள் இன்று ஒரே ஒரு கட்டடத்தில் அடங்கியிருக்கின்றன. அங்கிருந்து பிரியும் ரீஜென்ட் தெருவில் நடந்தால் கல்முகப்புகள் வரிசையாக வரும், திரையின் பேச்சே இல்லை. ஊர் ஒரு மூலையை ஒளிக்குக் கொடுத்திருக்கிறது, மற்றத் தெருக்களைக் கொடுக்கவில்லை. இப்படி இடம் ஒதுக்கத் தெரிந்தால் திரைக்காரர்களோடு சண்டையே வேண்டாம்.

அங்கேயும் ஓட்டை இல்லாமல் இல்லை. திரையைச் சுவரில் மாட்டாமல், கடைக் கண்ணாடிக்கு உட்புறம் தெருவைப் பார்த்து வைத்துவிட்டால் பொதுவாகத் தனி விண்ணப்பம் தேவைப்படாது. தெருவில் நடப்பவருக்குக் கண்ணாடிக்கு முன்னால் இருந்தாலும் பின்னால் இருந்தாலும் கூச்சம் ஒன்றுதான். அந்தப் பகுதியின் பொலிவுக்குக் கடுமையான கேடு என்று காட்டி உள்ளாட்சி மன்றம் அதை நிறுத்தச் சொல்லலாம். ஆனால் நிரூபிக்கும் பாரம் மன்றத்தின் தலையில். கடைக்காரர்கள் இதைக் கண்டுபிடிக்க அதிக நாள் ஆகவில்லை.

பிரேசிலின் சாவோ பாவ்லோ நகரம் 2007 முதல் வெளிப்புற விளம்பரங்களையே ஒட்டுமொத்தமாகத் தடைசெய்தது பற்றிப் பலரும் ஆசையோடு எழுதுவார்கள். ஆயிரக்கணக்கான பலகைகள் இறங்கியது உண்மை. பிறகு பஸ் நிறுத்தங்களிலும் தெருக் கடிகாரங்களிலும் விளம்பரத்தை அவர்களே திரும்ப அனுமதித்தார்கள் என்பதும் உண்மை. முழுத்தடையில் எனக்கு நம்பிக்கை குறைவு. நம் ஊரில் முழுத்தடை என்றால், பலகை இருக்கும், அதற்கான கட்டணம் மட்டும் கஜானாவுக்குப் போகாமல் வேறு பையில் போகும்.

சிங்கப்பூர் நம் வாசகர்கள் நன்றாக அறிந்த இடம். லிட்டில் இந்தியா 1989 முதல் பாதுகாக்கப்பட்ட பகுதி. சிராங்கூன் சாலைக் கடைவீடுகளில் பெயர்ப்பலகை தூணையும் ஜன்னலையும் பூவேலைப்பாட்டையும் மறைக்கக் கூடாது என்பது அங்கே நெறி. அதனால் வியாபாரம் படுத்துவிட்டதா? தீபாவளிச் சமயத்தில் ஒருமுறை அங்கே நடந்து பார்த்தவர்கள் சொல்லட்டும்.

நமக்கும் இது முற்றிலும் புதிதல்ல. மதுரையில் மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் கட்டடம் 9 மீட்டரைத் தாண்டக் கூடாது என்று விதி இருக்கிறது. கோபுரம் ஊரின் கண்ணில் பட வேண்டும் என்பதற்காகத் தனியார் நிலத்தின் மேலுள்ள வானத்தையே நாம் கட்டுப்படுத்தியிருக்கிறோம். நினைத்துப் பார்த்தால் துணிச்சலான விதி. ஆனால் அது உயரத்தை மட்டும்தான் அளக்கிறது. மாசி வீதியில் 8 மீட்டர் உயரத்தில் ஒரு திரை ஒளிவிட்டால், அதற்குப் பின்னால் இருட்டில் நிற்கும் கோபுரம் கண்ணில் படுமா? கண்ணின் பாவை பிரகாசமான பொருளுக்கு ஏற்பச் சுருங்கிவிடும். மங்கலானது மறைந்தே போகும். மறைக்காமலே மறைக்கும் வித்தை திரைக்குத் தெரியும்.

தொல்லியல் சட்டம் காப்பாற்றுமே என்றால், மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாக்கப்பட்ட சின்னங்களைச் சுற்றி 100 மீட்டருக்குப் புதிய கட்டுமானத் தடை உண்டு, உண்மை. ஆனால் கும்பகோணத்தின் பாத்திரக்கடையும், காரைக்குடியின் கடைவீதியும், சென்னை ஜார்ஜ் டவுனின் மொத்த வியாபாரக் கட்டடங்களும் அந்தக் கணக்கில் வராத சாதாரணர்கள். சென்னைக்காவது பத்மநாபன் குழுவின் பட்டியல் இருக்கிறது. மற்ற ஊர்களுக்காக மாநிலம் முழுவதற்குமான பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012இல் நிறைவேறியது. நடைமுறைக்கு வரவே பல ஆண்டுகள் ஆயின.

கட்டட உரிமையாளர்களின் பக்கத்தையும் கேட்க வேண்டும். கீழ்க்கடையில் மூன்று தலைமுறையாக அதே வாடகைதாரர், வாடகையோ சொன்னால் சிரிப்பார்கள். கூரை ஒழுகுகிறது, காரை பூசத் தெரிந்த கொத்தனார் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் கூலி அதிகம். அந்த நேரத்தில் ஒருவர் வந்து, முகப்பை மட்டும் கொடுங்கள், மாதா மாதம் இவ்வளவு தருகிறோம் என்றால் உரிமையாளர் எப்படி மறுப்பார்? மறுக்கச் சொல்லும் நாம் அவருக்கு என்ன தரப்போகிறோம்? மும்பையில் 1995 முதலே பாரம்பரியக் கட்டட விதிகள் உண்டு. அங்கே கட்டிக்கொள்ள முடியாமல் போன பரப்பளவை வேறிடத்துக்கு மாற்றி விற்கும் உரிமையை உரிமையாளருக்குத் தருகிறார்கள். நாமும் அப்படிச் செய்யலாம், சொத்து வரியில் சலுகை தரலாம். ஊரில் திரைக்கென்று ஒதுக்கிய மூலையில் வரும் கட்டணத்தில் ஒரு பங்கை இந்த முகப்புகளின் பராமரிப்புக்குத் திருப்பலாம். எதுவும் தராமல் வெறும் தடையை மட்டும் போட்டால், பழைய முகப்பு ஒரு நாள் இரவோடு இரவாக இடிந்து கிடக்கும். திரை மாட்டினால்தானே குற்றம்?

பாதுகாப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, நடந்தவையே போதும். 2023 ஜூனில் கோவை கருமத்தம்பட்டியில் விளம்பரச் சட்டம் சரிந்து 3 தொழிலாளர்கள் இறந்தார்கள். 2024 மே மாதம் மும்பை காட்கோபரில் காற்றுமழையில் விழுந்த ராட்சதப் பலகைக்கு 17 பேர் பலியானார்கள். அனுமதிக்கப்பட்ட அளவு 40க்கு 40 அடி. அங்கே நின்றது 120க்கு 120. அளக்க அதிகாரி இல்லையா, டேப் இல்லையா என்று தெரியவில்லை. தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தாலே தெரியும் அளவு அது.

ஆகவே புதிய தடை எதையும் நான் கேட்கவில்லை. 2003இல் எழுதிய அந்த ஒரு வரியை இன்றைய திரைக்குப் பொருந்தும்படி நீட்டிக்கச் சொல்கிறேன். முன்னால் கூடாது என்பதோடு மேலேயும் கூடாது, உட்கண்ணாடியிலும் இப்படிக் கூடாது என்று சேர்க்கட்டும். உரிமத்தில் அடி அளவோடு இரவு ஒளியின் அளவும் அணைக்கும் நேரமும் இருக்கட்டும். உரிமம் தருகிற அலுவலகமும் கட்டடத்தைக் காக்கிற குழுவும் ஒரே கோப்பைப் பார்க்கட்டும். எந்த வீதிக்கு இது பொருந்தும் என்ற பட்டியலை ஊர்தோறும் போடட்டும்.

அந்தக் கடைசி வேலையில் நீங்களும் கைகொடுக்கலாம். உங்கள் ஊர்க் கடைவீதியில் காக்க வேண்டியது என்று நீங்கள் நினைக்கும் ஒரே ஒரு கட்டடத்தின் முகப்பைப் பகலில் ஒன்றும், கடைகள் திறந்திருக்கும் இரவு நேரத்தில் ஒன்றுமாகப் படம் எடுத்து அனுப்புங்கள். தெருவின் பெயரும், கட்டடம் எதற்காகக் கட்டப்பட்டது என்று ஊரில் சொல்லும் தகவலும் போதும். உரிமையாளர் பெயர் வேண்டாம். கோயில், அரண்மனை, கலெக்டர் ஆபீஸ் அனுப்பாதீர்கள், அவற்றுக்கு ஆள் இருக்கிறது. மளிகைக்கடை, ஜவுளிக்கடை, பழைய லாட்ஜ், அச்சகம், நாட்டு மருந்துக்கடை இப்படி வரட்டும். வருகிற படங்களை ஊர்வாரியாகப் பிரித்து அடுத்தடுத்த இதழ்களில் வெளியிடுகிறோம். அந்தந்த உள்ளாட்சி அலுவலகத்துக்கும் ஒரு பிரதியை நாங்களே அனுப்பிவைக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்